எக்ஸ்இசட் என்னும் சின்னக் கருவியும் ஓராசிரியர் பள்ளியும்



போன வாரம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுகிற படம் ஒன்றைப் போட்டிருந்தேன். "டீச்சர், ஹேக்கிங் கத்துக்கிறீங்களா?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். என் நாத்தனார் ஒரு படி மேலே போய், "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா அண்ணி, நல்ல ஆளா பார்த்து அனுப்பவா?" என்றார். கெட்டுப்போகவில்லை. ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸை நானே முதலிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறேன். தனித்தனியாகப் பதில் போட்டு முடியாது, அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் என்று ஒரு புத்தகம் இருக்கிறது. ஜெரார்ட் பீக்மன்ஸ் என்பவர் 1999-ல் தொடங்கியது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நீங்கள் எல்லோரும் பயன்படுத்துகிற உபுண்டு, டெபியன் எல்லாம் கடையில் வாங்குகிற தோசை மாவு மாதிரி. பாக்கெட்டைப் பிரித்து ஊற்றினால் தோசை. இந்தப் புத்தகம் அரிசி, உளுந்து, வெந்தயம் என்று அளந்து கொடுத்து, ஊறவைத்து அரைக்கச் சொல்கிறது. ஒவ்வொரு நிரலின் மூலத்தையும் இறக்கி, நம் கணினியிலேயே கம்பைல் செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். எண்பது சொச்சம் பொட்டலங்கள். அவசரப்படுகிறவர்களுக்கு ஆகாத வேலை. ஓய்வு பெற்றவர்களுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

அதில் நேரத்தைச் சொல்லும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. "இதைக் கட்ட பத்து நிமிடம் ஆகும்" என்று புத்தகம் சொல்லாது. ஒவ்வொருவர் கணினியும் ஒவ்வொரு வேகம் இல்லையா? அதனால் முதலில் கட்டும் பின்யூட்டில்ஸ் என்ற பொட்டலம் உங்கள் கணினியில் எவ்வளவு நேரம் எடுக்கிறதோ, அதுதான் உங்களுக்கு ஓர் அலகு. மற்ற எல்லாவற்றையும் அந்த அலகில்தான் சொல்வார்கள். மெதுவாக ஓடுகிற என் இயந்திரத்தை வேகமான இன்னொன்றோடு ஒப்பிட்டு வருத்தப்பட இடமே இல்லை. வகுப்பறையில் பிள்ளைகளுக்கும் இப்படி ஓர் அளவு வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுமானத்தில் எக்ஸ்இசட் என்று ஒரு சுருக்கும் கருவியைச் சேர்க்க வேண்டிய இடம் வந்தது. மிகச் சின்னது. என் பழைய இயந்திரத்திலும் ஓர் அலகுக்குள் முடிந்துவிடும். ஆனால் அது இல்லாமல் மேலே நகர முடியாது. லினக்ஸின் கர்னல் உட்படப் பாதிக்கு மேற்பட்ட பொட்டலங்கள் இந்தக் கருவியால் சுருக்கப்பட்டுத்தான் வருகின்றன. கர்னல் சுமார் 140 எம்.பி. பொட்டலமாக வரும். பிரித்தால் ஒரு ஜி.பி.யைத் தாண்டிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. எக்ஸ்இசட்டின் மூலநிரலே எக்ஸ்இசட்டால் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. பெட்டிச் சாவி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதனால் முதலில் வேறொரு லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் எக்ஸ்இசட்டை வைத்துப் பெட்டியைத் திறந்து, ஒரு தற்காலிக எக்ஸ்இசட்டைக் கட்ட வேண்டும். பிறகு அந்தத் தற்காலிகக் கருவியின் துணையோடு புதிய அமைப்புக்குள் நுழைந்து, அங்கே நிரந்தரமாக இன்னொரு முறை கட்ட வேண்டும். வீடு கட்டும்போது சாரம் கட்டி, வேலை முடிந்ததும் பிரித்துவிடுகிறோமே, அது மாதிரி.

சுருக்குவது என்றால் என்ன செய்கிறது என்று என் பேத்தி கேட்டாள். பள்ளிக்கூடப் பதிவேட்டை வைத்துத்தான் சொன்னேன். சேர்க்கைப் பதிவேட்டில் ஊர்ப் பெயர் எழுதும் பத்தியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஊர் என்றால் என்ன செய்வோம்? முதல் வரியில் ஊரை எழுதிவிட்டு, கீழே வரிசையாக "மேற்படி" போடுவோம். அவ்வளவுதான். 1977-ல் ஆப்ரஹாம் லெம்பல், ஜேக்கப் ஸிவ் என்ற இஸ்ரேல் அறிஞர்கள் இருவர் இந்த "மேற்படி"க்கு ஒரு கணக்கு எழுதினார்கள். "இத்தனை எழுத்து பின்னால் போ, அங்கிருந்து இத்தனை எழுத்தை அப்படியே எடுத்துப் போடு." இன்று உலகத்தில் ஓடும் சுருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்.

பழைய ஜிஜிப் கருவி 32 கே.பி. தூரம்தான் திரும்பிப் பார்க்கும். எக்ஸ்இசட் சாதாரணமாகவே 8 எம்.பி. வரை திரும்பிப் பார்க்கும். ஞாபகசக்தி அதிகம், அதனால் "மேற்படி" போடும் வாய்ப்பும் அதிகம். பதிலுக்கு நேரமும் நினைவகமும் கூடுதலாகக் கேட்கும்.

நம் தமிழுக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. யூனிகோடில் "அம்மா" என்று எழுதினால் கணினிக்கு அது ஐந்து குறியீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15 பைட். அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறியீட்டுக்கும் ஒன்றேதான். இரண்டாவது, இரண்டே இரண்டு மதிப்புகளில் ஒன்று. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. சேமிக்கும்போது இடத்தை அடைத்துக்கொள்கிற தமிழ், சுருக்கும்போது அப்படிச் சுருங்கிக் கொடுக்கிறது.

எனக்கு இது ஏன் தேவை என்று கேட்பீர்கள். 1994 முதல் நம் வகுப்பில் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, கூடவே கதைகளையும் கட்டுரைகளையும் தட்டச்சும் செய்துகொண்டு வருகிறேன். படங்களைச் சுருக்கிப் பயனில்லை. ஜேபெக் என்பதே ஏற்கெனவே சுருங்கியதுதான், பிழிந்த துணியை மறுபடி பிழிகிற மாதிரி. ஆனால் தட்டச்சு செய்ததெல்லாம் நன்றாகவே சுருங்குகிறது. உங்கள் பத்து வயதுக் கதைகளைத்தான் இந்தக் கருவியின் கையில் கொடுக்கப்போகிறேன். அதனால் இது எப்படிப்பட்ட கருவி என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளை ஒருவன் கூப்பிட்டான்.

"டீச்சர், அடுத்து என்ன பொட்டலம்?"

"எக்ஸ்இசட்டுப்பா."

"ஐயையோ. 2024 விவகாரம் தெரியும்ல டீச்சர்? எங்க ஆபீஸ்ல அன்னிக்கு ராத்திரி ஒருத்தரும் தூங்கல. வேற ஏதாவது போட்டுக்கக் கூடாதா?"

பத்திரிகையில் படித்த ஞாபகம் இருந்தது. முழுக்கத் தெரிந்துகொள்ளலாம் என்று இரண்டு நாள் அந்தப் பொட்டலத்தை நிறுத்திவைத்துவிட்டுப் படித்தேன். கணினி தெரியாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

எக்ஸ்இசட்டைப் பல வருடங்களாகப் பராமரித்து வந்தவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின். கிட்டத்தட்ட ஒற்றை ஆள். சம்பளம் கிடையாது. உலகம் முழுக்கக் கணக்கற்ற சர்வர்களில் அவர் கருவி ஓடுகிறது. 2021-ல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்ப ஆரம்பித்தார். நல்ல திருத்தங்கள்தான். 2022-ல் வேறு சில பெயர்களிலிருந்து காலினுக்குக் கடிதங்கள் வந்தன. ஏன் இவ்வளவு தாமதம், உங்களால் முடியவில்லை என்றால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று. அந்தப் பெயர்களும் போலி, ஒரே கூட்டத்தின் வேலை என்றுதான் பின்னால் ஆராய்ந்தவர்கள் பலர் கருதினார்கள். காலின் அப்போது பொதுவிலேயே பதில் எழுதியிருக்கிறார். நீண்ட நாளாக மனநலப் பிரச்சினைகள் இருக்கின்றன, இது சம்பளம் இல்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்ற கருத்தில். கடைசியில் ஜியா டான் துணைப் பராமரிப்பாளர் ஆனார். வெளியீடுகளும் அவர் கைக்கு வந்தன.

2024 பிப்ரவரியில் 5.6.0, மார்ச்சில் 5.6.1 என்று இரண்டு பதிப்புகள் வந்தன. இரண்டிலும் ஒரு கள்ளக்கதவு இருந்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய எல்லோரும் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் என்ற வாசலை, ஒரு ரகசியச் சாவி வைத்திருப்பவருக்கு மட்டும் திறந்துவிடும் கதவு. சுருக்கும் கருவிக்கும் வாசலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சில லினக்ஸ்களில் எஸ்எஸ்எச்சை இன்னொரு நிரலோடு இணைத்திருந்தார்கள். அந்த நிரல் எக்ஸ்இசட்டின் நூலகத்தோடு இணைந்திருந்தது. சம்பந்தியின் சம்பந்தி வழியாக வீட்டுக்குள் வந்த மாதிரி.

அந்தக் கள்ளநிரலை எங்கே ஒளித்துவைத்தார்கள் தெரியுமா? சோதனைக் கோப்புகளில். சுருக்கும் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வேண்டுமென்றே கெடுத்து வைத்த கோப்புகள் சில பொட்டலத்துக்குள் இருக்கும். கெட்டுப்போன கோப்பைத் திறந்து பார்த்து யாரும் சந்தேகப்படமாட்டார்கள், அது கெட்டுத்தான் இருக்க வேண்டும். தேர்வுத்தாள் வைத்திருக்கும் பீரோவுக்குள்ளேயே பிட்டை ஒளித்துவைத்த மாதிரி. அந்தக் கோப்பிலிருந்து கள்ளநிரலை எடுத்துச் சேர்க்கும் வரி, எல்லோரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. இறக்கிக்கொள்ளும் வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் இருந்தது.

இங்கேதான் நான் ரொம்ப நேரம் யோசித்தேன். எங்கள் புத்தகத்தில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. இறக்கியதும் அந்த எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். நானும் தவறாமல் பார்க்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கள்ளப் பொட்டலத்துக்கும் எண் கச்சிதமாக ஒத்துப்போயிருக்கும். கையெழுத்தும் சரியாகவே இருந்தது, ஏனென்றால் கையெழுத்துப் போட வேண்டியவரே போட்டிருந்தார். அனுப்பியது வழியில் மாறவில்லை என்பதை எண் சொல்லும். அனுப்பியவர் மனசு எப்படி என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

அந்தக் கள்ளநிரல் டெபியன், ஃபெடோரா மாதிரியான பொட்டல முறைகளில் கட்டும்போது மட்டும்தான் விழித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. என்னைப் போலக் கையால் கட்டுகிறவர்கள் அந்தப் பதிப்பைப் போட்டிருந்தாலும் அது தூங்கிக்கொண்டேதான் இருந்திருக்கும். நம்மைத் தேடி யாரும் வரவில்லை. ஆனால் நம் வீட்டு வழியாகத்தான் போயிருப்பார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் கதை இன்னும் சுவாரசியம். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். மைக்ரோசாஃப்டில் வேலை, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தை உருவாக்குகிறவர்களில் ஒருவர். பாதுகாப்பு அவர் துறையே இல்லை. டெபியனின் 'அன்ஸ்டேபிள்' பதிப்பில் வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். அரை வினாடி! நாம் எல்லாம் "நெட் ஸ்லோவா இருக்கு" என்று விட்டிருப்போம். அவர் ஏன் என்று கேட்டார். நூலைப் பிடித்துக்கொண்டே போய், 2024 மார்ச் 29, பெரிய வெள்ளிக்கிழமையன்று பொதுவில் எழுதினார். சில நாட்களுக்குள் உலகம் முழுக்க அந்தப் பதிப்புகளை அகற்றிவிட்டார்கள். பெரும்பாலான சர்வர்களில் ஓடும் நிலையான பதிப்புகளுக்குள் அது அப்போது போய்ச் சேர்ந்திருக்கவில்லை. ஜியா டான் யார் என்று இன்றுவரை உறுதியாக ஒன்றும் வெளிவரவில்லை.

படித்து முடித்தபோது கள்ளனைவிட காலினைப் பற்றித்தான் அதிகம் நினைத்துக்கொண்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாலு வருடம் ஓராசிரியர் பள்ளி. உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். ஐந்து வகுப்பு, ஒரே கூடம், ஒரே டீச்சர். ஒன்றாம் வகுப்புக்கு "அ" எழுதிப்போட்டுவிட்டு ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லித்தர வேண்டும். நடுவில் மணி அடிக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும். பள்ளி நன்றாக நடந்தால் கேட்க ஆள் கிடையாது. ஒரு படிவம் இரண்டு நாள் தாமதமானால் மட்டும் கேட்க ஆள் வரும். அப்படி இருக்கும்போது ஒரு நாள் ஊரில் பத்தாவது முடித்த பெண் ஒருத்தி தானாக வந்து, "ஒண்ணாப்புப் பிள்ளைங்கள நான் பார்த்துக்கிறேன் டீச்சர்" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ யார், எதற்கு வந்தாய் என்று எந்த ஒற்றை ஆசிரியரும் அந்த நேரத்தில் விசாரணை வைக்கமாட்டார். அவள் தங்கமான பெண்ணாக இருந்தது என் அதிர்ஷ்டம். காலினுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை.

"அவர் இன்னும் உஷாரா இருந்திருக்கணும்" என்று எழுதியவர்களும் உண்டு. ஒழுங்காக வேலை செய்து காட்டிய ஒருவரை நம்பியதை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். அவர் கருவியை வைத்து எத்தனையோ பெரிய நிறுவனங்கள் சம்பாதிக்கின்றன. "உங்களுக்குத் துணைக்கு ஓர் ஆளை நாங்கள் சம்பளம் கொடுத்துப் போடுகிறோம்" என்று அவற்றில் ஒன்று முன்வந்திருந்தால், ஜியா டானுக்கு அந்த நாற்காலி காலியாகவே இருந்திருக்காது.

அதன் பிறகு காலின் என்ன செய்தார் என்று தேடிப் படித்தேன். ஓடிவிடவில்லை. திரும்பி வந்து, உள்ளே நுழைந்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து, கள்ளநிரலை நீக்கி, 2024 மே 29-ல் 5.6.2 பதிப்பை வெளியிட்டார். சரியாக இரண்டு மாதம். அதற்குப் பிறகும் பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. என் புத்தகம் சொல்வது 5.8.1.

பெங்களூர்ப் பிள்ளையைக் கூப்பிட்டு, "எக்ஸ்இசட்டையே போடுறேன்பா" என்றேன். "எப்படி டீச்சர் நம்புறீங்க?" என்றான். இத்தனை கண்கள் வரி வரியாகப் பார்த்த சுருக்கும் கருவி இன்றைக்கு வேறு எது என்று திருப்பிக் கேட்டேன். அதோடு, மோசம் போன பிறகும் உட்கார்ந்து சுத்தம் செய்து கொடுத்த மனிதருடைய வேலை அது. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டெஸ்ட்டை மட்டும் விட்டுடாதீங்க டீச்சர்" என்றான்.

விடவில்லை. எண் பார்த்தேன். பொட்டலத்தைப் பிரித்தேன். கான்ஃபிகர், மேக், அதன் பிறகு மேக் செக். நேரம் மிச்சம் பிடிக்க இந்தச் சோதனையைப் பலரும் தாண்டிவிடுவார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியும் "பாஸ்" என்று வருவதைப் பார்த்தேன். பிறகுதான் மேக் இன்ஸ்டால். அடுத்து, நம் 1994 இதழின் தட்டச்சுக் கோப்பைக் கொடுத்துச் சுருக்கி, மறுபடி விரித்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. தன் கதையில் "யானை" என்பதை எல்லா இடத்திலும் "யாணை" என்று எழுதியிருந்த புண்ணியவான், இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்கலாம். உன் யாணைகள் எல்லாம் அப்படியே பத்திரமாக இருக்கின்றன கண்ணு.

கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். பழைய டீச்சர் என்ற உரிமையில். நீங்கள் தினமும் பயன்படுத்தும் இலவச நிரல்களில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை யார் பராமரிக்கிறார்கள், எத்தனை பேர் என்று பாருங்கள். ஒற்றை ஆள் என்றால், "ஏன் இன்னும் வரவில்லை" என்ற கடிதம் மட்டும் எழுதாதீர்கள், அவருக்கு அது நிறையவே வந்திருக்கும். உங்கள் கணினியில் சோதனை ஓட்டி, முடிவை ஒழுங்காக எழுதி அனுப்புங்கள். முடிந்தால் உங்கள் நிறுவனத்தில் சொல்லி ஏதாவது உதவச் செய்யுங்கள். ஒன்றும் முடியாவிட்டால், உங்கள் கருவி எங்களுக்கு இப்படிப் பயன்படுகிறது, நன்றி என்று நாலு வரி. நாலு வருடம் தனியாக மணி அடித்தவள் சொல்கிறேன், அந்த நாலு வரி ரொம்ப தூரம் வரும்.

யாருடைய நிரலை எடுத்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்று கீழே சொல்லுங்கள். வழக்கம்போல் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்